நத்தை வந்த கப்பல்வழி



பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் பூமாலைக் கடைகளையும் பலகாரக் கடைகளையும் கடந்து நடப்பவர்கள், அங்குள்ள ஒப்பனைப் பொருள் கடைகளின் கண்ணாடிப் பேழைகளை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். ஒரு தட்டில் கஸ்தூரி மஞ்சள், சந்தனக் கட்டி, வேப்பிலைச் சவர்க்காரம். அடுத்த தட்டில் கொரிய எழுத்துகள் பொறித்த வெண்ணிறக் குப்பிகள். அவற்றின்மேல் ஓடு சுமந்த நத்தையின் படம். கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் இதே காட்சிதான். நத்தையின் வழுவழுப்பான நீரை முகத்தில் பூசினால் தோல் மிளிரும், சுருக்கம் மறையும், பருத் தழும்பு ஆறும் என்று கடைக்காரப் பெண்மணிகள் உறுதியாகச் சொல்கிறார்கள். நம் மகளிரும் ஐம்பது, அறுபது வெள்ளி கொடுத்து வாங்கிச் செல்கிறார்கள்.

பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நாளன்று ஒரு தாயார் என்னிடம், “ஐயா, இந்த நத்தைக் களிம்பு நல்லதுதானா? மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்” என்றார். நான் மருத்துவன் அல்லன். தமிழும் வரலாறும் கற்பிக்கும் எளிய ஆசிரியன். ஆயினும் அந்தக் கேள்வி என்னை நூலகத்திற்கு அனுப்பியது. தேடத் தேட, நத்தையின் பின்னே நம் முன்னோர்களின் வரலாறும் ஊர்ந்து வருவதைக் கண்டேன். அதனையே இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். தமிழாசிரியனுக்கு அதுதானே வழக்கம்! நத்தைக்குப் பழந்தமிழில் ‘நந்து’ என்று பெயர். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாக வகுத்தபோது, நந்தினை ஈரறிவு உயிர்களுள் வைத்தார். உடம்பால் தொட்டறிதல், நாவால் சுவைத்தறிதல் ஆகிய இரண்டு மட்டுமே அதற்கு உண்டு என்பது அவர் கணிப்பு. நந்துதல் என்னும் வினைக்கு வளர்தல், கெடுதல் என ஒன்றுக்கொன்று முரணான இரு பொருள்களையும் அகராதிகள் தருகின்றன. இந்த உயிரின் கதையைப் படிக்கும்போது அவ்விரு பொருளும் பொருந்திவருவது வியப்பாக இருந்தது.

நம் சித்த மருத்துவத்தில் நத்தைக்கு இடமுண்டு. மூல நோய்க்கு நத்தைப் பற்பம் சொல்லப்படுகிறது. காவிரிப் படுகையில் வயல் நத்தையைச் சமைத்து உண்ணும் வழக்கமும் அந்நோயோடு சேர்த்தே பேசப்படும். (நத்தைச்சூரி என்பது வேறு, அது மூலிகைச் செடி. பெயரைக் கண்டு மயங்க வேண்டா.) ஆனால் முகத்தில் பூசும் பொருளாக நத்தையின் நீரைத் தமிழ்ப் பெண்கள் போற்றியதாக நான் எங்கும் படித்ததில்லை. நம் வீட்டுப் பெண்களின் ஒப்பனை மஞ்சளும் சந்தனமும் பயற்றமாவும் நல்லெண்ணெயும்தான். ‘நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்கும்’ என்று பழமொழி சொன்னவர்கள், அதன் வழுவழுப்பில் மதிப்பு இருக்குமென எண்ணவில்லை போலும்.

மேலை நாட்டவர் எண்ணினர். கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, தீப்புண், கட்டி முதலியவற்றின் வலிக்கு நத்தையைச் சிறந்த மருந்தெனக் குறித்தார். 18, 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மருந்துநூல்களில் நத்தைக் குழம்பு, நத்தைக் களிம்பு ஆகியவை இருமலுக்கும் தோல் நோய்க்கும் பரிந்துரைக்கப்பட்டன. இன்றைய விளம்பரங்கள் ‘பண்டைய கிரேக்க இரகசியம்’ என்று கூவுவது இந்தப் பழைய செய்திகளை ஊதிப் பெருக்கித்தான்.

இனி நம் நாட்டு நத்தைக்கு வருவோம். மழை பெய்த மறுநாள் நம் வீட்டு வேலியோரம், வாழைமரத்தடி, பள்ளித் தோட்டம் என எங்கும் காணப்படும் கை அகல நத்தையை மலாய்க்காரர்கள் ‘சிப்புட் பாபி’ என்பர். அறிவியலார் இதனை அக்காடினா ஃபுலிக்கா என்று நெடுங்காலம் அழைத்தனர்; இப்போது லிசாகாடினா என்கின்றனர். பெயரே சொல்வதுபோல இது ஆப்பிரிக்க இராட்சத நத்தை. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத்தில் தோன்றிய உயிர், நம் கிள்ளான் ஆற்றுப் படுகைக்கு எப்படி வந்தது?

மடகாஸ்கர் தீவுக்கு முதலில் சென்றது. அங்கிருந்து இந்தியப் பெருங்கடலின் சிறு தீவுகளான மொரிசியசுக்கும் ரெயூனியனுக்கும் மனிதரே கொண்டுசென்றனர். ரெயூனியன் ஆளுநர் ஒருவரின் வீட்டுப் பெண்மணிக்கு நத்தைச் சாறு மருந்தாகத் தேவைப்பட்டதால்தான் அது அத்தீவுக்கு வந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதையின் உண்மை எப்படியோ, மருந்து எனும் பெயர் அன்றே இந்த நத்தையோடு ஒட்டிக்கொண்டது. பிறகு 1847ஆம் ஆண்டு, வங்காள ஆட்சிப் பணியில் இருந்தவரும் நத்தை, சிப்பி ஆராய்ச்சியில் பெரும் பற்றுடையவருமான வில்லியம் ஹென்றி பென்சன் என்னும் ஆங்கிலேயர் மொரிசியசிலிருந்து உயிருள்ள நத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். சௌரிங்கி பகுதித் தோட்டத்தில் விடப்பட்ட அவை பெருகின. ஓர் ஆராய்ச்சியாளரின் ஆர்வம் ஒரு துணைக்கண்டத்தின் உழவர்களுக்குத் தலைவலியானது! 1900ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தது. அடுத்த கால் நூற்றாண்டுக்குள் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் காலூன்றிவிட்டது. நத்தைக்குக் காலா என்று என் மாணவர்கள் கேட்பார்கள், பொறுத்தருள்க.

மொரிசியஸ், இலங்கை, மலாயா. இந்த மூன்று பெயர்களையும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். 1834 முதல் மொரிசியசின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களும் பிற இந்தியரும் அனுப்பப்பட்டனர். பின்னர் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்கள். அதன் பின்னர் மலாயாவின் கரும்பு, காப்பி, இரப்பர்த் தோட்டங்கள். ஆங்கிலேயர் கப்பல்கள் சென்ற வழியில்தான் நாமும் சென்றோம், நத்தையும் சென்றது. செடிகொடிகளோடும் மண்ணோடும் சரக்கோடும் ஒட்டிக்கொண்டு அது பயணம் செய்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் முன்னோர், பினாங்கிலும் 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் இறங்கினர். அத்துறைமுகமே 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மனிதரைத் தொற்றுநோய் ஆய்வு முகாமில் பல நாள் அடைத்துவைத்துச் சோதித்த அரசு, நத்தையைச் சோதிக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்தாக வேண்டும். “இந்த நத்தையெல்லாம் சப்பான்காரன் கொண்டுவந்து விட்டது” என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சிங்கப்பூரிலும் இப்பேச்சு உண்டு. சப்பானியர் 1930களிலும் போர்க்காலத்திலும் பசிபிக் தீவுகள் பலவற்றுக்கு இந்நத்தையை உணவாகவும் மருந்தாகவும் கொண்டுசென்றது உண்மை. ஆனால் மலாயாவுக்கு அவர்கள் கொண்டுவரவில்லை. 1926ஆம் ஆண்டிலேயே எஃப். டபிள்யூ. சவுத் என்னும் வேளாண் அதிகாரி, மலாயா வேளாண் சஞ்சிகையில் இந்நத்தையைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார். சப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது 1941 டிசம்பரில். பதினைந்து ஆண்டுகள் முன்பே நத்தை இங்கே இருந்தது! கெட்டதெல்லாம் சப்பான்காரன் கணக்கில், நல்லதெல்லாம் வெள்ளைக்காரன் கணக்கில் என்று நினைவில் எழுதிவைக்கும் பழக்கம் நம் பெரியவர்களிடம் உண்டு. சயாம் மரண ரயிலுக்கு உறவுகளை இழந்தவர்கள் அப்படிப் பேசுவதை என்னால் குறைகூற முடியவில்லை. ஆனாலும் வரலாறு வரலாறுதான்.

சவுத் போன்ற அதிகாரிகள் ஏன் கவலைப்பட்டனர்? இந்நத்தைக்கு இரப்பர் மரம் பிடித்துப்போனது. இளங்கன்றுகளின் குருத்தைத் தின்றது. மரத்தின் வெட்டுக்காயத்தில் வடியும் பாலையும், மங்கில் தேங்கிய பாலையும் குடித்தது. அது குடித்த அளவைவிட, பால் வடியும் தடத்தில் ஊர்ந்து பாலைத் தரையில் சிந்த வைத்ததே பெரிய தொல்லை. 1925இல் தொடங்கப்பட்ட மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தினரும் இதனைப் பற்றி எழுதியுள்ளனர். நத்தை ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணும் ஆனது. ஒருமுறைக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடக்கூடியது. மருந்து வைப்பார்கள், சுண்ணாம்பு தூவுவார்கள். இறுதியில் பயன்பட்டது மனிதக் கைதான். பொறுக்கு, வாளியில் போடு, அழி.

என் பாட்டியார் காப்பார் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலைப் பிரட்டுக்குப் பின் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவாராம். மழைக்காலத்தில் மங்கைக் கவிழ்த்தால் உள்ளே நத்தை ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அருவருப்போடு சொல்வார். விரலில் பட்ட அந்தப் பிசுபிசுப்பு சோற்றுக் கையில் மணக்குமாம். மண்ணும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாலும் போகாதாம். பாலை உறையவைக்கும் அமிலமும் பாலின் நாற்றமும் கொசுக்கடியும் சேர்ந்து அவர் கைகளை மரப்பட்டைபோல் ஆக்கியிருந்தன. இரவில் தேங்காயெண்ணெயைச் சூடாக்கித் தடவிக்கொள்வார். வெள்ளிக்கிழமை மஞ்சள். சம்பளம் வந்த வாரம் கடையில் வாங்கிய கூட்டிக்குரா மாவு. திருமண வீட்டுக்குப் போகும்போது மட்டும் ‘ஸ்னோ’. இதுதான் ஒரு தோட்டத் தொழிலாளியின் அழகுப் பெட்டகம்.

அந்த ஸ்னோவுக்கும் தனி வரலாறு உண்டு. பரோஸ் வெல்கம் என்னும் ஆங்கில மருந்து நிறுவனத்தின் ஹேஸலின் ஸ்னோ மலாயாவில் வீட்டுக்கு வீடு அறிமுகமான பொருள். இந்தியாவில் 1919இல் பம்பாயின் பட்டன்வாலா ஆப்கன் ஸ்னோவைத் தயாரித்தார். முகத்தில் தடவினால் பனிபோல் உருகி மறைவதால் ‘ஸ்னோ’. தாய்மார்கள் அதை ‘முகம் வெளுக்க’ என்றே வாங்கினர். 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தபோது மறைவாக இருந்த அந்த ஆசை பெயரிலேயே ஏறியது. நிறத்தைப் பற்றிய கண்டனங்களுக்குப் பிறகு 2020இல்தான் அந்தப் பெயர் குளோ அண்ட் லவ்லி என்று மாறியது. பெயர் மாறியதே தவிர, வாங்குபவரின் மனம் மாறியதா என்பது வேறு கேள்வி.

நத்தைக்குத் திரும்புவோம். 1957க்குப் பின், கோலாலம்பூர் பகாங் சாலையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் நத்தை வேறொரு காரணத்திற்காக ஆராயப்பட்டது. எலியின் நுரையீரல் நாளங்களில் வாழும் ஒருவகைப் புழு இருக்கிறது. 1935இல் சீனாவின் கான்டன் நகர எலிகளில் கண்டறியப்பட்டதால் ஆஞ்சியோஸ்ட்ராங்கிலஸ் கான்டனென்சிஸ் என்று பெயர். எலியின் எச்சத்தோடு வெளியேறும் புழுக்குஞ்சுகள் நத்தைக்குள் புகுந்து வளர்கின்றன. அத்தகைய நத்தையைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால், அல்லது நத்தை ஊர்ந்த கீரையைக் கழுவாமல் தின்றால், அப்புழு மனிதரின் மூளைச் சவ்வைத் தாக்கும். கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு, சிலருக்கு உயிரிழப்பு. மலாயா எலிகளிலும் நத்தைகளிலும் இதனை ஆராய்ந்து 1960களில் எழுதியவர்களுள் லிம் பூ லியாட் முதன்மையானவர். சாதாரண ஆய்வுக்கூட உதவியாளராகப் பணியில் சேர்ந்து உலகறிந்த விலங்கியலாளர் ஆனவர் அவர், 2020இல் மறைந்தார். 1971இல் இப்புழுவின் நெருங்கிய இனமொன்றுக்கு நம் நாட்டின் பெயரையே வைத்து ‘மலேசியென்சிஸ்’ என்றனர். பெருமைப்படுவதா வேண்டாவா தெரியவில்லை!

ஆக, கால் நூற்றாண்டு தோட்டப் பகை. அடுத்த கால் நூற்றாண்டு நோய் சுமப்பது. பிறகு எப்போது இது அழகுப் பொருளாயிற்று?

1980களில் சப்பானிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு எளிய கேள்வியைக் கேட்டனர். ஈர மண்ணிலும் குப்பையிலும் நுண்ணுயிர்களுக்கு நடுவே வெற்றுடம்போடு ஊரும் நத்தைக்குப் புண் ஏன் சீழ்பிடிப்பதில்லை? நம் சிப்புட் பாபியின் வழுவழுப்பு நீரையே எடுத்து ஆராய்ந்தனர். நுண்ணுயிர்களைக் கொல்லும் ஒரு புரதம் அதில் இருந்தது. நத்தையின் பெயரையொட்டி ‘அக்காசின்’ எனப் பெயரிட்டனர். 1996இல் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தினர் அமெரிக்க அறிஞர்களோடு இணைந்து அதே நத்தையிலிருந்து ‘அக்காரன் சல்பேட்டு’ என்னும் புதுவகைச் சர்க்கரைச் சங்கிலியைப் பிரித்தெடுத்தனர். தோட்டத்தில் நம்மவர் வாளி வாளியாக அழித்த உயிருக்குள் அறிவியலார் இவ்வளவைக் கண்டனர்.

ஐரோப்பாவில் கதை வேறு. அங்கு ஆராயப்பட்டது சிறிய தோட்ட நத்தை. முன்பு கிரிப்டோம்பாலஸ் ஆஸ்பெர்சா, இன்று கார்னு ஆஸ்பெர்சம். ஸ்பெயின் நாட்டுப் புற்றுநோய்க் கதிரியக்க மருத்துவர் ரஃபேல் அபாட் இக்லேசியாஸ், கதிர்வீச்சுக்கு உட்பட்ட நத்தைகள் தம் நீரைச் சுரந்து தம்மைத் தாமே காத்துக்கொள்வதைக் கவனித்தார். கதிர்வீச்சுச் சிகிச்சையால் தோல் வெந்துபோன நோயாளிகளுக்கு அந்நீர் உதவுமா என்பதே அவர் தேடல். அழகு அன்று, புண். இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. சிலி நாட்டிலோ, உணவுக்காக நத்தை வளர்த்த பண்ணையில் வேலை செய்தோரின் கைகள் மென்மையாக இருந்ததாகவும், காயங்கள் விரைவில் ஆறியதாகவும் சொல்லி, 1990களில் எலிசினா என்னும் களிம்பு சந்தைக்கு வந்தது. பண்ணையாள்களின் கை மென்மையைப் பற்றிப் படித்தபோது என் பாட்டியாரின் கைகள்தாம் நினைவுக்கு வந்தன. அவர் கையிலும் நத்தை நீர் பட்டதே! ஆனால் அதனுடன் அமிலமும் பட்டதல்லவா?

2000களின் இறுதியிலும் அதற்குப் பிறகும் கொரிய நிறுவனங்கள் இதனைக் கையிலெடுத்தன. கொரிய நாடகங்களோடும் பாடல்களோடும் சேர்ந்து நத்தைக் களிம்பும் உலகைச் சுற்றியது. தாய்லாந்தில் உழவர்கள் வயலில் பொறுக்கி அழித்துவந்த இராட்சத நத்தையை இப்போது பண்ணையில் வைத்து நீரெடுத்து விற்கின்றனர்.

அந்நீரில் என்னதான் இருக்கிறது? நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். மீதமுள்ளதில் மியூசின் என்னும் சர்க்கரையேறிய புரதங்கள், அலன்டாயின், நுண்புரதங்கள், தாது உப்புகள். மியூசின் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தோலின்மேல் மெல்லிய படலமாக நிற்கும். ஆகவே உலர்ந்த தோல் ஈரமாகவும் மிருதுவாகவும் தோன்றும். அலன்டாயின் எரிச்சலைத் தணிக்கும். இது நம்பத்தக்கது. சுருக்கத்தைப் பொறுத்தவரை, 2013இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றில் 25 பேரின் முகத்தில் ஒரு பக்கம் நத்தைநீர் மருந்தும் மறுபக்கம் வெற்றுக் களிம்பும் 12 வாரம் பூசிப் பார்த்தனர். கண்ணோரச் சுருக்கம் மருந்து பூசிய பக்கத்தில் ஓரளவு குறைந்தது. நல்ல செய்திதான், ஆனால் 25 பேர்தாம் என்பதையும், அது குறிப்பிட்ட முறையில் வடித்தெடுத்த ஐரோப்பிய நத்தைநீர் என்பதையும் மறத்தலாகாது. நத்தைப் படம் போட்ட எல்லாக் குப்பிக்கும் அந்த முடிவு பொருந்தாது. கறுத்த தோலை வெளுப்பாக்கும் என்பதற்கோ தக்க சான்று எதையும் நான் காணவில்லை. கடைகளில் முதலில் சொல்லப்படுவது அதுதான்!

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு நாள் ஓய்வு நேரத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி பள்ளித் தோட்டத்தில் பெரிய நத்தையொன்றைப் பிடித்துத் தன் கன்னத்தில் ஊரவிட்டுக்கொண்டிருந்தாள். தோழியர் இருவர் வரிசையில் காத்து நின்றனர். கைப்பேசியில் பார்த்தார்களாம். “ஏனம்மா இப்படி?” என்றேன். “வெள்ளையாவேன்னு சொன்னாங்க, சார்” என்றாள். பதினொரு வயது. வகுப்பில் மிக அழகாகக் கட்டுரை எழுதும் பிள்ளை. மூவரையும் சவர்க்காரம் போட்டு முகமும் கையும் கழுவச் செய்தேன். எலிப்புழுவைப் பற்றி அவர்களுக்குப் புரியும்படி சொன்னேன். அப்புழு பெரும்பாலும் வாய்வழியே புகுவது. தோலில் பட்ட அளவில் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகள் நத்தையைத் தொட்ட கையோடு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்பார்களே! குப்பியில் வருவது வடிகட்டித் தூய்மையாக்கப்பட்டது. வேலியோர நத்தை அப்படியன்று. புழுவைப் பற்றிச் சொல்வது எளிதாக இருந்தது. வெள்ளையாவதைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு நெடுநேரம் ஆயிற்று. அந்த உரையாடல் இன்னும் முடியவில்லை.

நத்தைக் களிம்பால் பெருங்கேடு விளைவதாக நான் சொல்லவில்லை. ஒவ்வாமை உள்ளவர்கள் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஓரிரு நாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம். உண்மையான கேடு, வேறு களிம்புகளின்மேல் நத்தைப் படத்தை ஒட்டுபவர்களிடமிருந்து வருகிறது. பசார் மாலாமிலும் இணையத்திலும் ‘ஒரு வாரத்தில் வெளுப்பு’ என்று விற்கப்படும் களிம்புகளில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் ஆகியவை கலந்திருப்பதைக் கண்டறிந்து நம் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பலமுறை தடைப் பட்டியல்கள் வெளியிட்டுள்ளது. பாதரசம் தோலின் நிறமியை அடக்கும். உடனே வெளுப்பும் தெரியும். அதே பாதரசம் உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைப் பழுதாக்கும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், இத்தகைய களிம்பு பூசியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் இழியும் நோய் வந்ததை அங்குள்ள சிறுநீரக மருத்துவர்கள் கண்டறிந்து 2023 வாக்கில் உலகுக்கு அறிவித்தனர். நோயின் காரணம் முகக் களிம்பு என்று தெரியும்வரை வீண் சிகிச்சை!

நம் நாட்டில் 2008 முதல், ஒப்பனைப் பொருள் எதுவாயினும் விற்பனைக்கு முன் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டும். அவ்வாறு அறிவிக்கப்பட்ட பொருளுக்கு ‘நாட்’ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கிக் ‘கே’ என்னும் எழுத்தில் முடியும் எண் தரப்படுகிறது. அவ்வெண்ணை நிறுவனத்தின் இணையத்தளத்தில் இட்டுப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். அறிவிப்பு என்பது அரசு சோதித்துப் பார்த்து ‘இது பலன் தரும்’ என்று கொடுத்த சான்றிதழ் அன்று. பொருளுக்கு யார் பொறுப்பு என்ற பதிவு. எண் இல்லாத பொருளைத் தொடாதீர்கள். எண் இருந்தாலும் பொருள்பட்டியலைப் படியுங்கள். ‘ஸ்நெய்ல் செக்ரீஷன் ஃபில்ட்ரேட்’ என்பதே நத்தைநீரின் வணிகப் பெயர். அது பட்டியலின் தலையில் இருந்தால் நத்தைநீர் நிறைய உண்டு. வாசனைப் பொருளுக்கும் கீழே கடைசி வரியில் இருந்தால், நத்தை பெரும்பாலும் படத்தில்தான் இருக்கிறது.

சைவ உணவினர் சிலர், நத்தையைக் கொன்றுதான் நீரெடுக்கிறார்களா என்று கேட்கிறார்கள். பழைய முறையில் உப்பும் அமிலமும் தெளித்து நத்தையைத் துன்புறுத்தியே சுரக்கவைத்தனர். இப்போது கொல்லாமல், மென்மையாகத் தூண்டி எடுப்பதாகப் பல பண்ணைகள் சொல்கின்றன. எவ்வாறாயினும் ஈரறிவு உயிருக்கும் துன்பம் துன்பமே. மனம் ஒப்பாதவர்களுக்குக் கற்றாழை இருக்கவே இருக்கிறது. ஈரப்பதம் காக்கும் வேலையை அதுவும் செய்யும், விலையும் குறைவு.

இப்போது கிள்ளான் பள்ளத்தாக்கில் இரப்பர் மரத்தைக் காண்பதே அரிது. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் ஆயிற்று. சீஃபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா ஆயிற்று. தோட்டம் துண்டாடப்பட்டபோது லயங்களில் இருந்த நம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அடுக்குமாடி வீடுகளுக்கும் புறம்போக்குக் குடிசைகளுக்கும் சிதறினர். நத்தையை யாரும் வெளியேற்றவில்லை. புதிய தாமான்களின் பூந்தொட்டிகளிலும் சாக்கடை ஓரங்களிலும் அது இன்றும் இருக்கிறது. பேரங்காடியில் அறுபது வெள்ளிக்கு நத்தைநீர் வாங்கி வருபவர், வீட்டு வாசலில் அதே நத்தையின்மேல் உப்பைக் கொட்டுவதையும் பார்க்கிறேன்.

தோட்டங்களில் நத்தை பொறுக்கியதற்குத் தனிக்கூலி உண்டா, பிள்ளைகளை அவ்வேலைக்கு அனுப்பினார்களா, பொறுக்கிய நத்தைகளை வாத்துக்கும் பன்றிக்கும் தீனியாக விற்றார்களா என்பன பற்றித் தமிழில் எழுத்துப் பதிவு எனக்குக் கிட்டவில்லை. ஆங்கில அறிக்கைகள் நத்தையை எண்ணின. பொறுக்கிய கைகளைப் பற்றி அதிகம் பேசவில்லை. காப்பார், பந்திங், கோல சிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியர் உங்கள் வீட்டில் இருந்தால், அருள்கூர்ந்து கேட்டு எழுதுங்கள். எண்பது வயதைக் கடந்தவர்களிடம் இன்றே கேட்பது நல்லது.